நீரிழிவு வகுப்பறை: ஒரு வரலாறு

இரண்டாம் வகை நீரிழிவு இருப்பது புதிதாக உறுதியானவரைக் கல்வி வகுப்புக்கு அனுப்புவது இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா முதலிய நாடுகளில் சிகிச்சையின் ஒரு படி. கணையம் என்ன செய்கிறது, இன்சுலின் ஏன் சரியாக வேலை செய்வதில்லை, தட்டில் எதை எவ்வளவு வைப்பது, பாதங்களை எப்படிக் காப்பது, எந்தப் பரிசோதனையை எப்போது செய்துகொள்வது ஆகியவை அந்த வகுப்பின் பாடங்கள். காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் இப்படி வகுப்பு நடத்தும் வழக்கம் இல்லை. நீரிழிவுக்கு அது தேவைப்பட்டதற்குக் காரணம் நோயின் இயல்பிலேயே இருக்கிறது. மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது ஆண்டுக்குச் சில முறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடம். மற்ற நேரமெல்லாம் சமையலறையிலும் வேலையிடத்திலும் சாலையோர உணவகத்திலும் சிகிச்சையை நடத்துபவர் நோயாளிதான். இந்த உண்மையை மருத்துவ உலகம் முழுமையாக ஏற்றுக்கொள்ள ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. அதிலும், நீரிழிவு உள்ளவர்களில் மிகப் பெரும்பான்மையினரான இரண்டாம் வகையினருக்கு வகுப்பறையின் கதவு கடைசியாகத்தான் திறந்தது.

பூட்டிய அறையும் பாரிஸ் மருத்துவரும்

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நீரிழிவுக்குப் பயனுள்ள மருந்து எதுவும் இல்லை. உணவுக் கட்டுப்பாடு ஒன்றே வழி. அந்தக் கட்டுப்பாட்டை நோயாளியிடம் எப்படி நிலைநிறுத்துவது என்பதில் இரண்டு போக்குகள் இருந்தன. நேப்பிள்ஸ் நகரத்தின் ஆர்னால்டோ கந்தானி, நோயாளிகளை அறையில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டார். சிறுநீரில் சர்க்கரை மறையும்வரை இறைச்சியை முதன்மையாகக் கொண்ட கடுமையான பத்தியம் தொடர்ந்தது. நோயாளியைத் தனியே விட்டால் பத்தியத்தை முறித்துவிடுவார் என்ற எண்ணமே இந்த முறையின் அடிப்படை. அறைக்குள் இருக்கும்வரை அது பலன் தந்தது. கதவு திறந்து வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்வது என்பதற்கு அதில் விடை இல்லை.

பாரிசில் அப்பொலினேர் பூஷார்டா (1806–1886) வேறு வழியில் போனார். 1870–71இல் பிரஷ்யப் படை பாரிசை முற்றுகையிட்டபோது நகரில் உணவுக்குப் பெரும் தட்டுப்பாடு. அந்த மாதங்களில் தம் நோயாளிகள் சிலரின் சிறுநீரில் சர்க்கரை மறைந்துபோனதை அவர் கவனித்தார். குறைவாக உண்பதும் உடலை உழைக்கவிடுவதும் இந்த நோயில் எவ்வளவு மாற்றம் தருகின்றன என்பது அதனால் அவருக்கு மேலும் உறுதியானது. எல்லோருக்கும் ஒரே பத்தியத்தை விதிக்காமல் ஆளுக்கேற்ற உணவை வகுத்தார்; உடற்பயிற்சியைச் சிகிச்சையாகவே எழுதிக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று நோயாளிகள் தாங்களே நாள்தோறும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். எந்த உணவு தமக்கு ஒத்துவருகிறது, எது ஒத்துவரவில்லை என்பதை நோயாளி தாமே கண்டறிய அது வழி செய்தது. 1875இல் வெளிவந்த அவருடைய பெரிய நூல் இந்த அனுபவங்களின் தொகுப்பு. நோயாளியின் கையில் ஒரு சோதனையையும் அதன் பொருளையும் சேர்த்துக் கொடுத்த வகையில், பிற்கால வகுப்புகள் அனைத்துக்கும் பூஷார்டாவே முன்னோடி.

பாஸ்டனில் ஒரு பள்ளி

எலியட் ஜோஸ்லின் (1869–1962) 1898இல் பாஸ்டன் நகரில் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். அவருடைய தாய்க்கும் நீரிழிவு இருந்தது. ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் பேரேட்டில் எழுதி வைப்பது அவர் வழக்கம். பல்லாண்டுப் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தே சிகிச்சை முறைகளை எடைபோட்டார். 1914–15 வாக்கில் அமெரிக்க மருத்துவர் பிரெடரிக் ஆலன் பட்டினிச் சிகிச்சையை முன்வைத்தபோது ஜோஸ்லினும் அதை ஏற்றுக்கொண்டார். சர்க்கரை மறையும்வரை உணவை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, பிறகு அளந்து அளந்து கூட்டுவது அந்த முறை. அதைப் பின்பற்ற உணவின் எடை, அதிலுள்ள மாவுச்சத்து, சிறுநீர்ச் சோதனையின் முடிவு ஆகிய மூன்றையும் நோயாளி ஒவ்வொரு நாளும் கணக்கிட வேண்டியிருந்தது. கணக்குத் தெரியாதவரை வீட்டுக்கு அனுப்பினால் சிகிச்சை அத்தோடு முடிந்தது. கல்வி கட்டாயமானது அப்படித்தான்.

1918இல் ஜோஸ்லின் மருத்துவருக்கும் நோயாளிக்கும் சேர்த்து ஒரு கையேட்டை வெளியிட்டார். ஒரே புத்தகத்தை இருவரும் படிக்க வேண்டும் என்பது அந்தக் காலத்தில் துணிவான கருத்து. நியூ இங்கிலாந்து டீக்கனஸ் மருத்துவமனையில் அவருடைய நோயாளிகள் படுக்கையில் கிடக்கவில்லை. தராசில் உணவை நிறுத்தார்கள். பெனடிக்ட் கரைசலில் சிறுநீரைக் கொதிக்கவைத்து நிறம் பார்த்தார்கள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறிச் செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை மிகுதி. பள்ளிக்கூடம்போல் நாள்தோறும் பாடம் நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் நோயாளியின் வீட்டுக்கே போய்த் தங்கிக் குடும்பத்துக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

1921இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் மேற்கொண்ட ஆய்விலிருந்து இன்சுலின் கிடைத்தது. 1922 ஜனவரியில் முதல் மனித நோயாளிக்கு அது செலுத்தப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜோஸ்லினின் கைக்கு வந்தது. மருந்து வந்ததும் கல்வி தேவையற்றதாகிவிடும் என்றே பலரும் நினைத்திருக்கக்கூடும். நடந்தது எதிர்மாறு. ஊசியைக் கொதிநீரில் சுத்தம் செய்வது, அளவைப் பிழையின்றி எடுப்பது, சர்க்கரை திடீரென இறங்கினால் அடையாளம் கண்டு உடனே இனிப்பு உண்பது எனக் கற்க வேண்டியவை பெருகின. உணவு, இன்சுலின், உடற்பயிற்சி ஆகிய மூன்றையும் ஒரே தேரில் பூட்டிய மூன்று குதிரைகளாக ஜோஸ்லின் உருவகப்படுத்தினார். குதிரைகளை ஓட்டிச் செல்ல வேண்டியவர் நோயாளி. ஓட்டக் கற்றுக்கொடுப்பது மருத்துவரின் வேலை.

லிஸ்பனும் லண்டனும்

ஜோஸ்லினிடம் பயின்ற போர்ச்சுகீசிய மருத்துவர் எர்னெஸ்டோ ரோமா, ஊர் திரும்பியதும் ஒரு கசப்பான உண்மையைக் கண்டார். இன்சுலின் விலைக்கு ஏழைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. கற்றுக்கொண்டாலும் மருந்து வாங்க வழியில்லை. மருந்து கொடுத்தாலும் பயன்படுத்தத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துத் தர 1926இல் லிஸ்பனில் ஏழை நீரிழிவு நோயாளிகளுக்கான பாதுகாப்புச் சங்கத்தை அவர் தொடங்கினார். உலகின் முதல் நீரிழிவுச் சங்கம் அதுவே. இன்சுலினை இலவசமாகக் கொடுத்ததோடு, தாங்களே ஊசி போட்டுக்கொள்ளவும் உணவைத் திட்டமிடவும் அங்கே நோயாளிகளுக்குக் கற்பித்தார்கள்.

லண்டனில் இந்த வேலையை முன்னெடுத்தவரே ஒரு நோயாளி. கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் இளம் மருத்துவர் ராபின் லாரன்சுக்கு 1920இல் நீரிழிவு கண்டறியப்பட்டது. அதிக காலம் உயிரோடு இருக்க முடியாது என்று நம்பி, எஞ்சிய நாட்களைக் கழிக்க இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்குப் போய்விட்டார். 1923இல் மருத்துவமனைத் தோழர் இன்சுலின் கிடைத்த செய்தியைத் தந்தியில் அனுப்ப, உடல் நலிந்த நிலையில் ஐரோப்பாவைக் கடந்து லண்டன் திரும்பினார். மே மாத இறுதியில் முதல் ஊசி போடப்பட்டது. அதற்குப் பிறகு நாற்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார்.

லாரன்ஸ் 1925இல் எழுதிய ‘தி டயபெட்டிக் லைஃப்’ என்ற நூல் பல பதிப்புகள் கண்டது. கணக்குப் போடத் தடுமாறுவோருக்காக அவர் எளிய உணவு முறை ஒன்றை வகுத்தார். மாவுச்சத்துள்ள பண்டங்களுக்குக் கறுப்பு நிறப் பங்கு, புரதமும் கொழுப்பும் உள்ளவற்றுக்குச் சிவப்பு நிறப் பங்கு. ஒரு கறுப்பையும் ஒரு சிவப்பையும் சேர்த்தால் ஒரு வரி. வேளைக்கு இத்தனை வரி என்று மருத்துவர் சொன்னால் போதும். ஒரு கறுப்புக்குப் பதில் இன்னொரு கறுப்பை மாற்றிக்கொள்ளும் உரிமை நோயாளியுடையது. 1934இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்சுடன் சேர்ந்து நீரிழிவுச் சங்கத்தை அவர் நிறுவினார். வெல்சும் நீரிழிவுக்காரரே. மருத்துவர்களோடு நோயாளிகளும் சமமாக உட்கார்ந்த அமைப்பு அது. மறு ஆண்டே உறுப்பினர்களுக்கான இதழையும் தொடங்கியது. பின்னாளில் பிரிட்டிஷ் நீரிழிவுச் சங்கம் என்றும், 2000இல் டயபெட்டிஸ் யூகே என்றும் பெயர் மாறி இன்றும் இயங்குகிறது.

வீடு தேடிச் சென்ற செவிலியர்

வெளிநோயாளிப் பிரிவின் நெரிசலில் சொல்லிக்கொடுத்தது வீட்டில் என்னவாகிறது என்பதைப் பார்த்தவர் லெஸ்டர் நகர மருத்துவர் ஜோன் வாக்கர். 1950களின் தொடக்கத்தில் நீரிழிவுக்கென்றே சுகாதாரச் செவிலியர்களை அவர் வீடுகளுக்கு அனுப்பினார். அடுப்படியில் என்ன இருக்கிறது, ஊசி எங்கே வைக்கப்படுகிறது, குடும்பத்தில் சமைப்பவர் யார், கண்பார்வை மங்கிய முதியவருக்கு அளவுக்கோடு தெரிகிறதா என்று அவர்கள் நேரில் பார்த்தார்கள். மருத்துவமனையில் தலையாட்டியவர்கள் பலர் வீட்டில் வேறு மாதிரி நடந்துகொண்டதற்குக் காரணம் பிடிவாதம் மட்டும் இல்லை. சொன்னது புரியாமல் போயிருந்தது, அல்லது அவர்கள் வாழ்க்கைக்கு ஒத்துவரவில்லை. இன்றைய நீரிழிவுச் சிறப்புச் செவிலியர் பணியின் வேர்களில் ஒன்று இந்த லெஸ்டர் முயற்சி.

அதே காலத்தில் சோதனைக் கருவிகளும் எளிதாயின. 1940களில் கொதிக்கவைக்கத் தேவையில்லாத கிளினிடெஸ்ட் மாத்திரை வந்தது. 1950களில் சிறுநீரில் தோய்த்து நிறம் பார்க்கும் பட்டை. 1960களில் இரத்தத் துளியைச் சோதிக்கும் பட்டை. 1970களின் பிற்பகுதியில் வீட்டிலேயே கருவியால் இரத்தச் சர்க்கரையை அளக்கும் வழக்கம். ஒவ்வொரு கருவியும் ஒரு புதுப் பாடத்தைக் கொண்டுவந்தது. எண்ணைப் பார்ப்பது எளிது. அந்த எண்ணைக் கண்டு என்ன செய்வது என்பதைக் கற்க வேண்டும்.

லேசான சர்க்கரை என்ற எண்ணம்

1936இல் லண்டன் மருத்துவர் ஹரால்டு ஹிம்ஸ்வொர்த், இன்சுலினுக்கு உடல் இணங்கும் நீரிழிவு, இணங்காத நீரிழிவு என இரண்டு உண்டு என்று காட்டினார். இன்றைய முதல் வகை, இரண்டாம் வகைப் பாகுபாட்டின் தொடக்கம் அதுவே. ஆனால் வகுப்பறைகள் ஊசி போட்டுக்கொள்பவர்களைச் சுற்றியே வளர்ந்தன. நடுவயதில் வந்து, மெல்ல நகர்ந்து, உடனடி ஆபத்து காட்டாத இரண்டாம் வகை ‘லேசான சர்க்கரை’ என்று ஒதுக்கப்பட்டது. 1950களின் நடுவில் டால்பியூட்டமைடு போன்ற மாத்திரைகள் வந்ததும் அந்த அலட்சியம் வலுத்தது. அச்சிட்ட உணவுத் தாள் ஒன்று, மாத்திரை ஒன்று, சர்க்கரையைத் தவிர்க்கும்படி ஓர் அறிவுரை ஆகியவற்றோடு பெரும்பாலோரின் கல்வி முடிந்தது.

அந்த உணவுத் தாளும் நிலையாக இருக்கவில்லை. நீண்ட காலம் மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைக்கச் சொன்ன பிரிட்டிஷ் நீரிழிவுச் சங்கம், 1982இல் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிகுந்த உணவைப் பரிந்துரைத்தது. பத்தாண்டுகளுக்கு முன் தாள் வாங்கிக்கொண்டு போனவருக்கு அறிவுரை தலைகீழானது தெரிய வழியில்லை. ஒருமுறை கொடுத்த தாள் கல்வி ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

லாஸ் ஏஞ்சலிஸ், ஜெனீவா, டுசல்டார்ஃப்

1972இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் லியோனா மில்லர், ஜாக் கோல்ட்ஸ்டீன் ஆகிய இருவரும் எழுதிய கட்டுரை, கல்வியைச் செலவுக் கணக்கோடு பேச வைத்தது. லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டப் பொது மருத்துவமனையில் ஆயிரக்கணக்கான ஏழை நோயாளிகளுக்கு அவர்கள் பாடம் நடத்தினார்கள். சந்தேகம் வந்தால் உடனே பேச ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுத்தார்கள். நீரிழிவு மயக்கத்தோடு வருவோர் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது; மருத்துவமனைச் சேர்க்கையும் பெரிதும் இறங்கியது. மறு ஆண்டு, 1973இல், அமெரிக்க நீரிழிவுக் கல்வியாளர்களின் சங்கம் உருவானது. கற்பிப்பது ஒரு தனித் தொழிலாக அங்கீகாரம் பெற்றது.

1970களின் நடுவில் ஜெனீவாவில் ழான்-ஃபிலிப் அசால், சிகிச்சையும் கல்வியும் ஒன்றான தனிப் பிரிவை நிறுவினார். மருத்துவர்களுக்குக் கற்பிக்கத் தெரியாது என்பதை அவர் வெளிப்படையாகச் சொன்னார். மருத்துவக் குழுவுக்கே கற்பிக்கும் பயிற்சி கொடுத்தார். அவர் முயற்சியில் ஐரோப்பிய நீரிழிவு ஆய்வுச் சங்கத்துக்குள் கல்விக்கென ஒரு குழு பிறந்தது. ஜெனீவா முறையை மாதிரியாகக் கொண்டு ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் மைக்கேல் பெர்கர் குழுவினர் ஐந்து நாள் பாடத்திட்டம் ஒன்றை உருவாக்கினார்கள். அதன் சிறப்பு ஒழுங்கு. எந்த நாளில் எந்தப் பாடம், யார் நடத்துவது, முடிவில் நோயாளிக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதி வைக்கப்பட்டன, பலன் அளக்கப்பட்டது.

அதே குழு இரண்டாம் வகையினரின் பக்கம் திரும்பியது இந்த வரலாற்றின் திருப்புமுனை. இன்சுலின் போடாதவர்களுக்கென அவர்கள் வடிவமைத்த திட்டம், பெரிய மருத்துவமனையை விட்டு வெளியே வந்து குடும்ப மருத்துவரின் இடத்திலேயே, சிறு குழுக்களாக, மருத்துவரின் உதவியாளர்களைக் கொண்டு நடந்தது. 1988இல் லான்செட் இதழில் அதன் மதிப்பீடு வெளிவந்தது. கலந்துகொண்டவர்கள் எடை குறைந்தார்கள்; மாத்திரை தேவைப்படுவோர் எண்ணிக்கையும் குறைந்தது. ஜெர்மனி முழுவதும் அந்தத் திட்டம் பரவி, காப்பீட்டு நிதியமும் அதற்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது.

ஆணையிலிருந்து உரையாடலுக்கு

1980களின் இறுதியில் கற்பிக்கும் முறையைப் பற்றிய சிந்தனையும் மாறியது. நோயைப் பற்றித் தெரிந்துவிட்டால் பழக்கம் தானாக மாறும் என்ற நம்பிக்கை பொய்த்திருந்தது. தெரிந்தவர்களும் மாறவில்லை. ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கையே செயலைத் தீர்மானிக்கிறது என்ற உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவின் கருத்து வகுப்பறைக்குள் வந்தது. தம் நோய் எதனால் வந்தது, எவ்வளவு காலம் இருக்கும், கட்டுப்படுத்த முடியுமா என்று ஒவ்வொருவரும் மனத்தில் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள்; அதன்படியே நடக்கிறார்கள் என்ற ஹோவர்டு லெவந்தாலின் கருத்தும் சேர்ந்தது. மிஷிகன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஆண்டர்சனும் மார்த்தா ஃபனலும் 1991 முதல் எழுதிய கட்டுரைகள், முடிவெடுக்கும் உரிமை நோயாளியுடையது என்றும், முடிவெடுக்கத் தேவையான அறிவைத் தருவதே கல்வியாளரின் பணி என்றும் வாதிட்டன. ‘சொன்னபடி கேட்காதவர்’ என்று நோயாளியைக் குறை கூறும் பேச்சுக்கு இந்த வாதம் நேர் மறுப்பு.

1989 அக்டோபரில் இத்தாலியின் செயின்ட் வின்சென்ட் ஊரில் ஐரோப்பிய அரசுகளும் நோயாளி அமைப்புகளும் கூடி வெளியிட்ட பிரகடனம், கண்ணிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, கால் இழப்பு ஆகியவற்றைக் குறைக்க உறுதி பூண்டது; அதற்கான வழிகளில் ஒன்றாகத் தற்பராமரிப்புக் கல்வியையும் சொன்னது. கட்டுப்பாடு உண்மையில் பலன் தருகிறதா என்ற பழைய ஐயத்தை இரண்டு பெரிய ஆய்வுகள் தீர்த்தன. முதல் வகைக்கு 1993இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு; இரண்டாம் வகைக்கு 1977இல் தொடங்கி 1998இல் முடிவு வெளியான பிரிட்டிஷ் ஆய்வு. ராபர்ட் டர்னர் தலைமையில் 23 மையங்களில் நடந்த அந்த பிரிட்டிஷ் ஆய்வில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட 5,102 பேர் சேர்க்கப்பட்டார்கள். சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்ச் சிக்கல்கள் 25 சதவீதம் குறைந்தன. நோய் தெரியவந்த நாளிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு உடலில் ஏதோ ஒரு சேதம் தொடங்கியிருந்ததும் தெரிந்தது. லேசான சர்க்கரை என்ற பேச்சுக்கு அதன்பின் இடமில்லை. கண்டறிந்த உடனேயே கற்பிக்க வேண்டும் என்ற கருத்துக்கு இதுவே அடித்தளம்.

அமெரிக்காவில் 1997இல் இயற்றப்பட்ட சட்டம், முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் நீரிழிவுக் கல்வியைச் சேர்த்தது: முதல் ஆண்டில் 10 மணி நேரம், பிறகு ஆண்டுக்கு 2 மணி நேரம்.

இங்கிலாந்தின் ஒருநாள் வகுப்பு

2003 ஏப்ரலில் நைஸ் எனப்படும் பிரிட்டிஷ் மருத்துவ மதிப்பீட்டு நிறுவனம், நீரிழிவு உள்ள அனைவருக்கும் நோய் கண்டறியும் வேளையிலும் பிறகு தேவைக்கேற்பவும் கட்டமைக்கப்பட்ட கல்வி கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2005இல் சுகாதாரத் துறையும் டயபெட்டிஸ் யூகே அமைப்பும் சேர்ந்து தரத்தை வரையறுத்தன. தெளிவான கொள்கை, எழுதப்பட்ட பாடத்திட்டம், பயிற்சி பெற்ற கல்வியாளர், தரச் சோதனை, பலன் தணிக்கை ஆகியவை இருந்தால்தான் அது வகுப்பு. துண்டுப் பிரசுரமோ செவிலியரின் பத்து நிமிடப் பேச்சோ கணக்கில் சேராது.

இந்தத் தரத்துக்கு ஏற்ப வளர்ந்தவற்றில் இரண்டு திட்டங்கள் பரவலாக அறியப்பட்டவை. முதலாவது டெஸ்மண்ட். மெலனி டேவிஸ், கம்லேஷ் குந்தி முதலியோரின் பங்களிப்போடு லெஸ்டரை மையமாகக் கொண்டு உருவான இது, புதிதாக நோய் தெரியவந்தவர்களுக்கானது. மொத்தம் ஆறு மணி நேரம்; ஒரே நாளிலோ இரண்டு அரைநாட்களிலோ நடக்கும். சிறு குழுவுக்கு இரண்டு கல்வியாளர்கள்.

வகுப்பு நோயாளிகளின் கதையிலிருந்து தொடங்குகிறது. நோய் எப்படித் தெரியவந்தது, எதனால் வந்ததாக நினைக்கிறார்கள், எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். உடலில் சர்க்கரையும் இன்சுலினும் நடந்துகொள்ளும் விதத்தைக் கல்வியாளர் அடுத்து விளக்குகிறார். அதுவும் கேள்வி கேட்டு, விடையை வந்திருப்பவர்களிடமிருந்தே வரவழைத்து. பின்னர் அவரவர் தம் சோதனை முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, இரத்த அழுத்தம், கொழுப்பு, இடுப்பளவு ஆகியவற்றில் தமக்கு எது அபாயம் என்று பார்க்கிறார்கள். உணவு மாதிரிகளை வரிசைப்படுத்தி எதில் கொழுப்பு மிகுதி, எது சர்க்கரையை வேகமாக ஏற்றும் என்று விவாதிக்கிறார்கள். நடைப்பயிற்சி, கண், பாதம், சிறுநீரகம் ஆகியவை அடுத்து வருகின்றன. கடைசியில் ஒவ்வொருவரும் தாம் மாற்றப்போகும் ஒன்றைத் தாமே தேர்ந்து எழுதிக்கொள்கிறார்கள். ‘இதைச் சாப்பிடாதே’ என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. கேன்டீன் வேலை பார்ப்பவர், இரவுப் பணி ஓட்டுநர், பேரப்பிள்ளைகளோடு இனிப்பு உண்ணும் பாட்டி ஆகியோருக்கு ஒரே விதி பொருந்தாது என்பதும் பக்கத்தில் இருப்பவர் கண்டுபிடித்த வழி மருத்துவர் சொன்னதைவிட எளிதில் மனத்தில் பதியும் என்பதும் இந்த முறையின் பலம்.

இரண்டாவது, லங்காஷயரில் உணவியலாளர் டுரூடி டீக்கின் உருவாக்கிய எக்ஸ்பெர்ட். வாரத்துக்கு ஒரு வகுப்பாக ஆறு வாரம். ஒரு வாரம் கற்றதை வீட்டில் செய்து பார்த்து, தடுமாற்றத்தோடு அடுத்த வாரம் திரும்பிவர அதில் வாய்ப்பு உண்டு. நீண்ட காலமாக நோய் உள்ளவர்களும் சேரலாம்.

பலன் எவ்வளவு?

இந்த வகுப்புகள் மருந்தைப்போலவே சோதிக்கப்பட்டன. 2006இல் வெளியான எக்ஸ்பெர்ட் ஆய்வில் 314 பேர் பங்கேற்றார்கள். பதினான்கு மாதங்களுக்குப் பிறகு, வகுப்புக்குப் போனவர்களின் சர்க்கரைச் சராசரி 0.6 சதவீதப் புள்ளி இறங்கியிருந்தது, போகாதவர்களுடையது 0.1 ஏறியிருந்தது. 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான டெஸ்மண்ட் ஆய்வில் 824 பேர். ஓராண்டில் வகுப்புக்குப் போனவர்களின் எடை சராசரியாக 2.98 கிலோ குறைந்தது, மற்றவர்களுடையது 1.86 கிலோ. புகைப்பிடிப்பதும் மனச்சோர்வும் வகுப்புக்குப் போனவர்களிடம் குறைவு. நோயைப் பற்றிய புரிதல் தெளிவு. சர்க்கரை அளவு இரு பக்கமும் நன்றாக இறங்கியதால் வேறுபாடு நிரூபணமாகவில்லை. 2012இல் வந்த மூன்றாண்டுத் தொடர் ஆய்வில் உடல் அளவீடுகளின் வேறுபாடு மறைந்திருந்தது. நோயைப் பற்றிய நம்பிக்கைகளில் சில மாற்றங்கள் மட்டும் நிலைத்திருந்தன.

இதிலிருந்து பெறப்படும் பாடம் முன்பே வேறு ஆய்வுகளில் தெரிந்திருந்தது. 2002இல் சூசன் நோரிஸ் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கல்வி முடிந்த உடனே சர்க்கரைச் சராசரி 0.76 புள்ளி இறங்குவதும், சில மாதங்களுக்குப் பிறகு அது 0.26ஆகத் தேய்வதும் புலப்பட்டன. ஒரு முழுப் புள்ளி இறங்க ஏறக்குறைய 24 மணி நேரத் தொடர்பு தேவை என்றும் அவர்கள் கணித்தார்கள். இத்தாலியின் டூரின் நகரில் மரீனா டிரென்டோவும் உடனிருந்தோரும் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். தனித்தனி மருத்துவச் சந்திப்புக்குப் பதிலாக நோயாளிகளைக் குழுவாகவே ஆண்டுக்கணக்கில் சந்தித்தார்கள். 112 பேரிடம் ஐந்தாண்டு நடந்த அந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் சர்க்கரை ஏறிக்கொண்டே போக, குழுவில் இருந்தவர்களுடையது நிலையாக நின்றது.

காலியான இருக்கைகள்

வகுப்பு உருவானதோடு எல்லாம் முடியவில்லை, அழைக்கப்பட்டவர்கள் வரவில்லை. 2013 முதல், நோய் கண்டறிந்து ஒன்பது மாதங்களுக்குள் வகுப்புக்குப் பரிந்துரைக்கும் குடும்ப மருத்துவருக்கு இங்கிலாந்தில் ஊக்கத்தொகை கொடுக்கப்பட்டது. பரிந்துரைகள் பெருகின. ஆனால் அந்த ஆண்டுகளின் தேசிய நீரிழிவுத் தணிக்கைப் பதிவுகளில், வகுப்புக்குப் போனதாகக் குறிக்கப்பட்டவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. போனவர்களில் சிலரின் வருகை பதிவேட்டில் ஏறாமல் விட்டுப்போயிருந்தாலும் இடைவெளி பெரிது.

வராதவர்களிடம் கேட்டபோது கிடைத்த காரணங்களில் பெரும்பாலானவை சோம்பலைக் குறிக்கவில்லை. வேலை நேரத்தில் வகுப்பு, விடுப்புக் கிடைக்காது. பேருந்து வசதி இல்லை. வீட்டில் முதியவரையோ குழந்தையையோ விட்டுவர ஆள் இல்லை. எதற்கென்று யாரும் விளக்கவில்லை. கடிதம் மட்டும் வந்தது. உடம்பில் தொந்தரவு எதுவும் இல்லாதபோது எதற்கு வகுப்பு என்ற எண்ணம். நோயை வெளியே சொல்லக் கூச்சம். ஆங்கிலத்தில் நடந்தால் புரியுமா என்ற தயக்கம். தெற்காசியர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு கூடுதலாகவும் இளவயதிலும் வருவதால் கடைசிக் காரணம் மிக முக்கியம். அவர்களுடைய மொழியிலும் அவர்கள் சமைக்கும் உணவை வைத்தும் நடத்தும் வடிவங்கள் இதற்காக உருவாயின. ரமலான் நோன்பு இருப்போருக்கு, மருந்து வேளையையும் சர்க்கரை இறங்கும் அபாயத்தையும் விளக்கும் தனி வகுப்புகள் லண்டனில் நடத்தப்பட்டன.

வர முடியாதவர்களிடம் வகுப்பையே கொண்டுபோகும் முயற்சியும் நடந்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் எலிசபெத் மரே குழுவினர் உருவாக்கிய இணையவழித் திட்டத்தை 374 பேரிடம் சோதித்தபோது, ஓராண்டில் சர்க்கரைச் சராசரி மற்றவர்களைவிட 0.24 புள்ளி குறைவாக இருந்தது. 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவை அதன் அடிப்படையில் அமைந்த கல்வியை இணையத்தில் அனைவருக்கும் திறந்தது.

பாடம் மாறுகிறது

வகுப்பறை தொடங்கிய நாளிலிருந்து பாடத்தின் உள்ளடக்கம் பலமுறை மாறிவிட்டது. அண்மைய மாற்றம் மிகப் பெரியது. இரண்டாம் வகை நீரிழிவு ஏறுமுகமாகவே செல்லும், ஒருபோதும் பின்வாங்காது என்றே நீண்ட காலம் கற்பிக்கப்பட்டது. 2017இல் ராய் டெய்லர், மைக் லீன் ஆகியோர் ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் நடத்திய டைரக்ட் ஆய்வு அதை மறுத்தது. நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்த 306 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி மட்டும் கொண்ட உணவை மூன்று முதல் ஐந்து மாதம் கொடுத்து, பிறகு வழக்கமான உணவைப் படிப்படியாகச் சேர்த்து, எடையைக் காக்க உதவினார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 சதவீதத்தினர் மாத்திரை இல்லாமலே நீரிழிவு வரம்புக்குக் கீழே இருந்தார்கள். வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 4 சதவீதத்தினர் மட்டும். நோய் தணியக்கூடும் என்ற செய்தி இப்போது வகுப்பில் சேர்ந்திருக்கிறது. எடை திரும்பினால் நோயும் திரும்பும் என்பதால், அந்தச் செய்தியோடு தொடர்ந்த ஆதரவும் சேர வேண்டியிருக்கிறது.

நீரிழிவுக் கல்வி ஒரே ஒருமுறை கொடுத்து முடிக்கும் ஒன்றில்லை என்பது பூஷார்டாவின் நாள்தோறும் சோதனை முதல் டூரின் குழுச் சந்திப்பு வரை எல்லா அனுபவமும் உறுதி செய்த முடிவு. 2015இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் கல்வியாளர், உணவியலாளர் அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை இதை நடைமுறை விதியாக்கியது. நோய் கண்டறிந்தபோது, ஆண்டுக்கு ஒருமுறை, புதிய சிக்கலோ வாழ்க்கை மாற்றமோ நேரும்போது, சிகிச்சை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு மாறும்போது என நான்கு வேளைகளை அது குறிப்பிட்டது. அந்த நான்கு வேளையிலும் நோயாளிக்கு என்ன தெரியும், எது தேவை என்று கேட்டு, தேவைப்பட்டால் வகுப்புக்கு அனுப்புவது மருந்து எழுதுவதைப்போலவே சிகிச்சைக் குழுவின் கடமை.